ஜீப்புக்கு ஒரு கொசுவலை!

கொல்லிமலையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பெரியவர்களுக்குக் கொல்லிப்பாவை ஞாபகம் வந்துவிடும். சிரித்துச் சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றுவிடும் பதுமை அது என்பது பழங்கதை. இன்று நீங்கள் தேடிப் போனால் அந்தப் பாவை கண்ணில் படுவாளோ, மாட்டாளோ, சொல்வதற்கில்லை. ஆனால் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே உயிர்களைக் கொல்லும் வேறொன்றை அந்த மலைப் பாதையில் நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கலாம். அதுதான் ஜீப்!

நம்பிக்கை வரவில்லையா? ஒரு ஜீப்புக்கு எதிரே நின்று அதன் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் உருண்டைக் கண்கள். நடுவே வரிசையாகப் பற்கள்! 1941-இல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்த முதல் வண்டிகளில் அந்த இடத்தில் வெறும் இரும்புப் பட்டைகளைத்தான் பற்றவைத்திருந்தார்கள். பிறகு ஃபோர்டு கம்பெனியார் ஒரே தகட்டில் ஒன்பது நீளத் துளைகளை அழுத்தி வெட்டி வேலையைச் சுலபமாக்கினார்கள். யுத்தம் முடிந்து 1945-இல் பொதுஜனங்களுக்கென்று வந்த ஜீப்பில் துளைகள் ஏழாயின. 1940-களின் பிற்பகுதியில் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது முதல் அந்தச் சிரிப்பு நம் மலைப் பாதைகளுக்கும் பழகிப் போய்விட்டது.

அழகுக்காக வைத்த பற்கள் அல்ல அவை. அவற்றின் வழியாகத்தான் ஜீப் மூச்சு விடுகிறது. உள்ளே போகிற காற்று ரேடியேட்டரில் ஓடும் வெந்நீரைக் குளிர வைக்கிறது. ஆனால் காற்று தனியாக வருவதில்லையே! ஈசல், விட்டில், வண்டு, தேனீ, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் கூட அழைத்துக்கொண்டு வருகிறது.

"இதற்கென்ன பிரமாதம்? முன்னால் ஒரு வலையைக் கட்டிவிட்டால் போகிறது!" என்பீர்கள். கட்டலாம். ஆனால் எந்த வலை, எங்கே, எப்போது என்று தெரியாமல் கட்டினால் பூச்சி செய்கிற கெடுதலைவிட வலை செய்கிற கெடுதல் ஜாஸ்தியாகிவிடும். அதிலும் கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில்!

எழுபது வளைவுகள்

ஆலத்தூர் நாட்டுக்கு ஜீப்பில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாடு என்றதும் ஏதோ தனி ராஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் 14 'நாடு'களாகப் பிரிந்திருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று போகிற அந்த வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று. மிளகும் காப்பியும், பலாவும் வாழையும், சாமையும் கேழ்வரகும் விளைகிற பூமி. பஸ் போய்ச் சேராத தோட்டத்துக்கும் சிற்றூருக்கும் ஜீப்தான் போகவேண்டும். மூட்டை ஏறுவதும் அதில்தான். மனுஷர் ஏறுவதும் அதில்தான்.

நாமக்கல்லில் புறப்பட்டால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரத்தில் காரவள்ளி. அதுவரை சமவெளி. வண்டி சௌகரியமாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். காரவள்ளியைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். ஒன்று, இரண்டு அல்ல, எழுபது! அந்த எழுபதையும் ஏறி முடித்தால்தான் சோளக்காடும் செம்மேடும் வரும். மேலே உள்ள ஊர்கள் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன.

இந்தப் பிரயாணத்தை இரண்டு பாதியாகப் பார்க்கவேண்டும். பூச்சி வந்து ஒட்டுவது முதல் பாதியில். வண்டி வேகமாக ஓடுவதும், வயலையும் வாய்க்காலையும் ஒட்டிப் போவதும், பொழுது சாய்ந்து விளக்குப் போடுவதும் அங்கேதான். ஆனால் அதற்குத் தண்டனை அனுபவிப்பது இரண்டாவது பாதியில், மலை ஏறும்போது. குற்றம் ஓரிடம், தண்டனை ஓரிடம்! இதைப் புரிந்துகொண்டால் வலை விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

ஐம்பதாவது வளைவுக்கு அருகில் ஒரு ஜீப் நிற்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆவி பறக்கிறது. பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு பாட்டி; பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு திரும்புகிற மகள்.

"ஏனுங்க தம்பி, இங்க எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?"

"தண்ணி கொதிக்குதுங்க அம்மா. கொஞ்சம் ஆறட்டுங்க."

"இப்பத்தான அடிவாரத்துல டீ குடிக்க நிறுத்தினீங்க!"

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. காரவள்ளியில் டிரைவருக்கு டீ கிடைத்தது. ஜீப்பின் தொண்டையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. இன்னும் 20 வளைவு பாக்கி, இருட்டிக்கொண்டு வருகிறது, குழந்தை அழுகிறது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து, கேஸ்கட் போய், அந்த வண்டியை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தின் பலமாத வருமானம் பட்டறைக்குப் போய்விடும்.

ஏற்றத்தில் ஏன் கொதிக்கிறது?

எஞ்சினில் எரிகிற டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போகிறது என்று எண்ணவேண்டாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு. மற்றொரு பங்கு புகைக் குழாய் வழியே வெளியே. இன்னொரு பங்கு உஷ்ணமாகத் தண்ணீரில் இறங்குகிறது. அந்த உஷ்ணத்தை வெளியே தள்ளுவதுதான் ரேடியேட்டரின் வேலை.

சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எதிர்க்காற்று தானாக வந்து அடிக்கிறது. விசிறி இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். ஏற்றத்தில் கதை வேறு. முதல் கியர், இரண்டாவது கியர். எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றுகிறது. வண்டியோ 15, 20 கிலோமீட்டருக்கு மேல் நகராது. உஷ்ணம் அதிகம், காற்று குறைவு. போதாததற்குப் பகல் நேரத்தில் மலைச்சரிவுகளில் காற்று கீழிருந்து மேல்நோக்கி வீசுவது வழக்கம். வண்டியும் மேலே போகிறது. காற்றும் மேலே போகிறது. அப்புறம் எதிர்க்காற்று எங்கிருந்து வரும்? முழுப் பாரமும் விசிறியின் தலையில்.

உயரத்திலும் ஒரு சங்கடம் உண்டு. மேலே போகப்போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 1200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி அழுத்தத்தை அடக்கி வைப்பதால்தான் வண்டித் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தச் சலுகையும் போயிற்று. ஆகையால் வலையைப் பற்றி யோசிக்கும் முன் மூடியையும் விசிறி பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

பசை போட்டு ஒட்டும் விருந்தாளிகள்

ஒரு பூச்சி என்ன பெரிய கெடுதல் செய்துவிடும்? ஒரு பூச்சி செய்யாது. ஆனால் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே பாயும். ஜீப்பின் முகத்தில் இரண்டு விளக்குகள். இரண்டுக்கும் நடுவே திறந்த வாய்!

ரேடியேட்டரின் உள்ளமைப்பைப் பாருங்கள். மெல்லிய குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. குழாய்களுக்கு நடுவே காகிதம் மாதிரி மெலிந்த தகட்டு மடிப்புகள். மடிப்புக்கும் மடிப்புக்கும் இடைவெளி 1, 2 மில்லிமீட்டர்தான். ஈசலின் சிறகு அதில் போய்ப் படுத்துக்கொண்டால் காற்றுக்குக் கதவு சாத்திய மாதிரி. வண்டும் விட்டிலும் மோதி நசுங்கினால் உடம்பிலிருந்து வரும் சாறு காய்ந்து பசையாகிவிடுகிறது. அந்தப் பசையில் சாலைப் புழுதி ஒட்டுகிறது. புழுதியில் சருகுத்தூளும் புல் விதையும் ஒட்டுகின்றன. கடைசியில் சுவருக்குச் சாந்து பூசிய மாதிரி ஆகிவிடும். குளிர்சாதனம் உள்ள வண்டியானால் ரேடியேட்டருக்கு முன்னால் அதற்கென்று இன்னொரு தகட்டு அடுக்கு இருக்கும். முதலில் அடைபடுவது அது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புல்வெளிகளில் ஓடும் வண்டிகளுக்கு வெட்டுக்கிளியும் புல் விதையும் பெரிய பகை. அங்கே வண்டியின் முன்புறம் வலை கட்டுவது சர்வசாதாரணம்.

வலை என்றால் எந்த வலை?

"வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய கொசுவலை மிச்சம் இருக்கிறது. அதையே கட்டிவிடலாமே?"

கூடவே கூடாது! ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்குத்தான்.

வலையின் துளை 1 மில்லிமீட்டர், கம்பியின் கனம் 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளையும் கம்பியும் சேர்ந்து 1.3. ஒன்றை 1.3-ஆல் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்குங்கள். சுமார் 0.59 வரும். அதாவது நூற்றுக்கு 59 பங்கு இடம்தான் காற்றுக்கு. 41 பங்கு கம்பிக்கு. இப்போது துளை 3 மில்லிமீட்டர், கம்பி அரை மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்றை 3.5-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கினால் 0.73. நூற்றுக்கு 73 பங்கு காற்றுக்கு.

இதோடு நிற்கவில்லை. சின்னத் துளையில் புழுதி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மழையிலும் பனி மூட்டத்திலும் ஒவ்வொரு துளையிலும் ஒரு நீர்த்துளி திரைபோலத் தொங்கி நிற்கும். கொல்லிமலையில் பனி மூட்டத்துக்குப் பஞ்சமா? ஆகையால் கொசுவைத் தடுக்க ஆசைப்படாதீர்கள். கொசு போனால் போகட்டும். விசிறிக் காற்று அதை வெளியே தள்ளிவிடும். ஈசலையும் வண்டையும் விட்டிலையும் தடுத்தால் போதும். அதற்கு 3 மில்லிமீட்டர் அளவுள்ள துளை ஏற்றது.

சாமான்: துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை நல்லது. அலுமினிய வலை இலேசானது. ஆனால் சீக்கிரம் நசுங்கும். பிளாஸ்டிக் வலை எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் நொறுங்கிப் போகும், வேண்டாம்.

கட்டும் விதம்

லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் பேர் போன ஊர் நாமக்கல். அங்குள்ள பட்டறைக்காரர்களுக்கு இது அரைமணி வேலை. ஆனாலும் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

முதலில், முகப்பின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். விளக்குகள், நம்பர் பலகை எதுவும் மறையக்கூடாது. அட்டை சரியாகப் பொருந்திய பிறகு அதை வைத்து வலையை வெட்டுங்கள். நான்கு பக்கமும் விரற்கடை அளவு கூடுதலாக விட்டு மடித்துக்கொள்ளுங்கள். வெட்டிய கம்பி முனை கையைக் கிழிக்கும்.

இரண்டாவது, வலை தொளதொளவென்று தொங்கக்கூடாது. மெல்லிய அலுமினியப் பட்டையில் சட்டம் செய்து அதில் இழுத்துப் பூட்டவேண்டும். சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் சத்தமும் வராது, பெயிண்டும் தேயாது.

மூன்றாவது, வலை ரேடியேட்டரைத் தொடவே கூடாது. தொட்டால் மலைப்பாதைக் குலுக்கலில் கம்பி அந்தக் காகிதத் தகட்டை அராவிக் குழாயையே ஓட்டையாக்கிவிடும். நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். முகப்புப் பற்களுக்கு வெளியே கட்டுவது எல்லாவற்றிலும் சௌகரியம். அழகு கொஞ்சம் குறையும், கழற்றுவது சுலபம்.

நான்காவது, இதுதான் முக்கியம். கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய காது வைத்த நட்டு நான்கு போடுங்கள். ஸ்பேனர் தேடவேண்டிய வலையை யாரும் கழற்றமாட்டார்கள். கழற்றாத வலை, வலை அல்ல. மூக்கில் வைத்த பஞ்சு!

புதிய மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில வண்டிகளில் முகப்புக்குப் பின்னால் ரேடாரும் காமிராவும் இருக்கின்றன. உலோக வலை அவற்றின் கண்ணைக் கட்டிவிடும். கம்பெனிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். வலையைத் தாங்குவதற்கென்று முன்னால் இரும்புக் குழாய்க் காப்பு எதுவும் பூட்டவேண்டாம். தெருவில் நடப்பவர்களுக்கு அபாயம் என்பதால் அத்தகைய காப்புகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

காரவள்ளியில் ஐந்து நிமிஷம்

வலை கட்டியாயிற்று. இனி அதை எப்போது வைத்திருப்பது, எப்போது எடுப்பது?

சமவெளியில் வைத்திருங்கள், ஏற்றத்தில் எடுத்துவிடுங்கள். இதுதான் சுருக்கமான பதில். வேகமாக ஓடும்போது பூச்சி அதிகம், காற்றும் அதிகம், வலை தடுக்கிற கொஞ்சம் காற்று போனால் பரவாயில்லை. மெதுவாக ஏறும்போது பூச்சி மோதுவது குறைவு. காற்றோ ஒவ்வொரு மூச்சும் தேவை. அப்போது வலை எதற்கு?

காரவள்ளியில் டீக்கு நிறுத்துகிறீர்கள் அல்லவா? டீ ஆறுவதற்குள் நான்கு நட்டையும் கழற்றி, வலையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பின்னால் வண்டிக்குள் போட்டுவிடலாம். குனிந்து ரேடியேட்டரின் முகத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஐந்து நிமிஷம் ஆகுமா? ஐம்பதாவது வளைவில் நின்றால் ஒரு மணி நேரம் ஆகும்!

வலையோடுதான் ஏறுவேன் என்கிறவர்கள் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். வலை இல்லாமல் ஒரு தடவை ஏறி, உஷ்ணம் காட்டும் ஊசி எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே பாரம், அதே நேரம், வலையோடு ஒரு தடவை ஏறுங்கள். ஊசி பழைய குறியைத் தாண்டினால் வாதம் வேண்டாம், வலையைக் கழற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதிலும் ஒரு முறை உண்டு. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டுப் பசையை ஊற வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே தடவுங்கள். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். வந்த வழியே பூச்சி திரும்பிப் போகும். சர்வீஸ் ஸ்டேஷன் குழாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பீய்ச்சினால் பூச்சி இன்னும் உள்ளே போகும், தகடும் மடங்கிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் கொதித்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊசி ஏறத் தொடங்கும்போதே குளிர்சாதனத்தை அணைத்து, அபாயமில்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஆவி வந்துவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க மறக்கவேண்டாம். அப்புறம், என்ன அவசரமானாலும் சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்! அடங்கிக் கிடக்கும் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேல் ரப்பர் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். பிறகும் தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள்.

பூச்சிக்காகவும் ஒரு வார்த்தை

இதுவரை வண்டியின் கட்சியையே பேசிவிட்டோம். பூச்சிக்கு வக்கீல் யார்?

வலை கட்டினால் ரேடியேட்டர் பிழைக்கும், பூச்சி பிழைக்காது. கம்பியில் மோதினாலும் தகட்டில் மோதினாலும் அதற்கு ஒன்றுதான். கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை முதலிய கிழக்கு மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே ஆண்டுதோறும் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக யாத்திரை போகின்றன. கறுப்புச் சிறகில் இளநீலப் புள்ளி வைத்தவை அவற்றில் அதிகம். சாலையைக் குறுக்கே கடக்காமல் அவற்றால் போக முடியுமா? ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 27 ஆண்டுகள் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து நிறுத்துப் பார்த்தவர்கள், முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017-இல் சொன்னார்கள். தேனீயும் வண்டும் குறைந்தால் தோட்டத்துப் பூ காயாகாது. அந்தத் தோட்டம் காய்க்காவிட்டால் ஜீப்புக்கு ஏது மூட்டை?

ஆகவே வலையைவிட மலிவான ஒரு வலை இருக்கிறது. அது உங்கள் வலது கால். ஈசல் பறக்கிற அந்தி நேரத்திலும், பட்டாம்பூச்சிகள் கடக்கிற நாளிலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். வேகம் பாதியானால் மோதலின் வலு கால்வாசியாகிவிடும். இலேசான பூச்சிகள் காற்றோடு வழுக்கித் தப்பித்துக்கொள்ளவும் இடம் கிடைக்கும். பூச்சிக்கும் புண்ணியம், ரேடியேட்டருக்கும் நல்லது.

அடுத்த தடவை ஆலத்தூர் நாட்டுக்கோ வேறெந்த மலைக்கோ போகும்போது, டிரைவர் அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினால் நீங்களும் இறங்கி ஜீப்பின் முகத்தைப் பாருங்கள். பல் இடுக்கில் ஏதாவது தெரிந்தால், "அண்ணா, வண்டிக்குப் பல் விளக்கணும் போல இருக்குங்களே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார். டீயை வைத்துவிட்டு வாளியைத் தேடுவார்.